இரண்டு பதினாறுக்கு நடுவே அம்மா

அக்கா,

பீரோவில் துணி அடுக்கும்போது உன் கேமரா கையில் தட்டுப்பட்டது. தோல் உறையைத் திறந்ததும் உன் தையல் கடையின் மிஷின் எண்ணெய் வாசனை. நீ போயும் அது போகவில்லை. லென்ஸைத் திருப்பிப் பார்த்தேன். வலப்பக்கம் ஒரு பதினாறு, இடப்பக்கம் ஒரு பதினாறு. சிரிப்பு வந்துவிட்டது.

மாமா லாரி ஓட்டிப் போன பெங்களூரில் பழசாக வாங்கி வந்தது. விளக்கம் சொல்ல ஒரு துண்டுத் தாளும் கூட வரவில்லை. லென்ஸில் தூரம் அடிக்கணக்கில் போட்டிருந்தது. "அடிதானே, நம்ம கால்லயே இருக்குது" என்று குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து, என் வரைக்கும் அளந்துவிட்டாய். உன் காலோ சின்னக் கால். முதல் ஃபிலிமில் நான் புகை மாதிரி வந்திருந்தேன். பின்னால் நின்ற எருமை மட்டும் பளிச்சென்று இருந்தது. "எருமைக்குத்தான் மாப்பிள்ள பாக்கணுமாட்டம் இருக்குது" என்று மாமா பல நாள் சொல்லிக் காட்டினார்.

நீ அசரவில்லை. கழுத்தில் கிடந்த தையல் டேப்பால் அளக்க ஆரம்பித்தாய். அப்படி மல்லுக்கட்டியதில்தான் அந்த ஜோடி எண்களின் சங்கதி உனக்குப் பிடிபட்டது. "இங்க பாரு புள்ள. நம்பர் ஏற ஏற லென்சுல வெளிச்சம் போற ஓட்டை சின்னதாவுது. பதினாறுல வெச்சா, இந்தப் பதினாறுக்கும் அந்தப் பதினாறுக்கும் நடுவுல எந்த அடியெல்லாம் வருதோ, அங்க நிக்கறவங்க எல்லாம் தெளிவா வுழுவாங்க."

அப்புறம் இண்டூரில் என் கல்யாணம். அப்பா இல்லை. அம்மா முன்னால் வரக்கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே ஒதுங்கிக்கொண்டாள். அம்மா இல்லாத கல்யாணப் படம் எனக்கு எதற்கு என்று காலையிலேயே உன்னிடம் அழுதேன். நீ போய்க் கூப்பிட்டாய். "நான் வல்லடி. புள்ளைக்கு ஆகாது" என்றாள். ஸ்டுடியோக்காரர் அவள் பக்கமே திரும்பவில்லை.

தாலி ஏறியதும் அருந்ததி பார்க்க எங்களை வாசலுக்கு அழைத்து வந்தார்கள். நல்ல வெயில். பட்டப்பகலில் எல்லோரும் நட்சத்திரத்தைத் தேடி அண்ணாந்திருக்க, எங்களுக்குப் பின்னால், சமையல் பந்தல் ஓரம் நின்று அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கண்ணாலேயே அளந்தாய். எனக்கு ஏழு அடி, அவளுக்கு இருபது. லென்ஸைத் திருப்பி, என்னையும் அம்மாவையும் அந்த இரண்டு பதினாறுக்குள் அடக்கிவிட்டு, "ரெண்டு பேரும் அப்பிடியே நில்லுங்க" என்றாய்.

படம் வந்தபோது, என் நெற்றிச்சுட்டி எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவு, முந்தானையால் வாயைப் பொத்திய அம்மாவின் முகம். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். "வல்லைன்னு சொன்னனே, எப்பிடிடி என்னையக் கூட்டியாந்த?" நீ மிஷினை மிதித்தாய். அக்கா, எனக்கு அன்றைக்கு வந்த பெருமை இன்றும் இம்மி குறையவில்லை.

போன தையில் கடத்தூரில் என் மகனுக்குக் கல்யாணம். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு எங்கள் வீட்டில் நடந்த முதல் நல்ல காரியம். போட்டோ எடுக்கும் நேரம், மேடைக்குக் கீழே உறவுக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீ இங்கயே இரு. அவங்க எடுத்து முடிக்கட்டும்" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு படியேறினேன். மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"எடுங்க தம்பி. நான் மாப்பிள்ளையோட அம்மா."