இந்த முறை சூடம் கிடையாது

ரிங்லெட்,
ஞாயிறு காலை.

தம்பி குகனேஸ்வரனுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பல வருஷமாக உன்னோடு பேசாத அண்ணன் எழுதுகிறானே என்று பதறாதே. வீட்டில் எல்லாரும் நலம். ஈப்போவில் நீ இருக்கும் மறுவாழ்வு இல்லத்தில் கைபேசி கூடாதாம். அதனால்தான் தபால்.

உன் மனைவி சசிரேகா போன் செய்தாள். "மாமா, ஒங்க தம்பி மறுபடி அந்தப் போதைத் தூள் எடுத்துட்டாராம்" என்று அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "அவரே போயி வார்டன்கிட்ட சொல்லிட்டாரு மாமா, அதான் மானமே போச்சு" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். சில மாதம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு பழகிய அதே அளவே மூச்சை நிறுத்திவிடும். ஒளிந்து, தனியாக எடுப்பவனைக் காப்பாற்ற ஆள் இருக்காது. நீ சொன்னாய், பிழைத்தாய்.

போன முறை அப்படி இல்லையே. நம் தோட்டத்து வழக்கப்படி உன்னை மாரியம்மன் முன்னால் நிறுத்தி, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். ஒரு தடவை வழுக்கினாய். சத்தியம் தவறியவன் எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவது என்று கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்கு நடுவே ஒளிந்து கிடந்தாய். ஒரு தடவை எடுத்ததை ஒரு வருஷமாக்கியது அந்த வெட்கம்.

நேற்று கோயில் கூட்டத்தில் தலைவர் செல்வராஜு, அடுத்த மாதம் நீ திரும்பியதும் மறுபடி சூடம் என்றார். "சாமிக்கே பயப்படாதவன் டாக்டருக்கா லா பயப்படுவான்?" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். நான் எழுந்தேன். "தலைவரே, ஒங்களுக்கு இனிப்பு நீரு வியாதி. போன திருவிழாவுல லட்டு தின்னு மயங்கி விழுந்தீங்களே, ஒங்கள சூடம் அணைக்கச் சொன்னோமா? மருந்தத்தான மாத்துனாங்க?" என்றேன். சிரிப்பு என் பக்கம் வந்தது. பூசாரி இருளப்பன்தான் முடித்து வைத்தார்: "வுடுங்க லா. சத்தியம் கேட்டது நாமதான், சாமி கேக்கல."

ஆகவே பயப்படாமல் வா. கிளினிக்கில் தரும் மெத்தடோன் மருந்தைத் தினமும் குடி. ஒரு போதைக்கு இன்னொரு போதை என்று பேசுகிறவர்கள் பேசட்டும். அது ஏக்கத்தை அடக்கி, மூளை தேறுவதற்கு அவகாசம் வாங்கித் தருகிறது.

உன் மகள் குமுதாவிடம் நீயே பேசு. நம் அப்பாவுக்குச் சம்சு சாராயம், உனக்குத் தூள். போதைக்கு அடிமையாகும் ஆபத்தில் ஏறக்குறைய பாதி ரத்தத்தோடு வருகிறதாம். தொடங்கும் வயதும் சேரும் கூட்டமும் மனக்காயமும் மீதியைச் சேர்க்கின்றன. அவளிடம் சத்தியம் வாங்காதே. தப்பு நடந்தால் முதலில் அப்பாவிடம் வந்து சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

இதையெல்லாம் எழுதுவதால் பழையதை மறந்துவிட்டேன் என்று எண்ணாதே. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக உட்கார்ந்தவன், தாலி கட்டும் நேரத்தில் காணாமல் போனாய். படத்தில் என் பக்கத்தில் யாரோ ஒரு லோரி டிரைவர் நிற்கிறான். போதைப் பழக்கம் மூளை நோயாகவே இருக்கட்டும். எனக்கு இன்னும் எரிகிறது.

வேளைக்குச் சாப்பிடு. மறுபடி வழுக்கினாலும் மறுபடி சொல். அம்மன் உன்னை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கையெழுத்துப் போட்டால் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்வாய். போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.