இளையவளுக்கு மேல் வீடு

கிண்ணியா
04.08.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் நுஸ்கி மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். போனில் கதைத்தால் உம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவா, வாப்பா பக்கத்தில் வந்து உட்காருவார். பிறகு மழையையும் மீனையும் தவிர நான் வேறென்ன கதைப்பது?

செய்தி இதுதான். உங்கள் வீட்டுத் தலையில் என் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. வாப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார். "மூத்தவளுக்குக் கீழ் வீடு, இளையவளுக்கு மேல் வீடு. ஆதம்பாவா ஒருத்திக்கும் குறை வைக்கல்ல" என்று ஒரே பெருமை. வளவில் வேறு நிலம் இல்லை. ஒரு மகளின் சீதன வீட்டுக்கு மேலே மற்றவளுக்குக் கட்டுவது நம் தெருவில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் மற்ற வீடுகளில் இளையவள் நடந்து மேலே போவாள்.

விபத்துக்குப் பிறகு நான் வீல் செயார்ச் சில்லில் போகிறவள் என்பதை வாப்பா மறந்துவிட்டாரோ என்று நினைக்க வேண்டாம். மறக்கவில்லை. அதனால்தான் குடா தெரிகிற பக்கம் பெரிய பல்கனி வைக்கிறார். "மகள் இருந்த இடத்திலேயே கடலைப் பாக்கட்டும்" என்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் மனம் தரிக்கவில்லை.

இப்போது காலையில் உங்கள் கீழ் வீட்டு அறையிலிருந்து உருண்டு வந்து, வாசலில் அஷ்ரப் நானாவின் ஓட்டோவில் ஏறி, பாலத்தைக் கடந்து துறைமுக வீதிக்கு வேலைக்குப் போய்விடுகிறேன். யாரும் என்னைத் தூக்குவதில்லை. மேலே போனால் எப்படி இறங்குவேன்? நீங்கள் கொழும்பில் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் என்னைப் போன்றவர்கள் போய்வர வழி அமைக்கிற வேலையைத்தானே செய்கிறீர்கள். வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சனூஸா

*

தெஹிவளை
19.08.2024

என் செல்லத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மூன்றாம் முறையும் வாசித்தேன். வாப்பாவுக்கு என்ன சொல்வது! அவர் மனதில் நீதி என்றால் இரண்டு பக்கமும் சமமாகக் கல் வைப்பது.

நீ பயப்படாதே. படியில்லாமல் ஆட்களை ஏற்றுவதுதான் என் தொழில். போன வாரம்கூட ஓர் ஆஸ்பத்திரியின் பாத்ரூம் கதவு அகலம் போதாது என்று சண்டை பிடித்து உடைக்க வைத்தேன். பொறியியலாளர் என்னைக் கண்டால் இப்போது வேறு பக்கத்தால் போகிறார். உன் வீட்டை விட்டுவிடுவேனா? சாய்வுப் பாதைக்கு நானே படம் கீறி அனுப்புகிறேன்.

இன்னொரு சந்தோஷமான செய்தி. மச்சானுக்கு ஜனவரியில் திருகோணமலைக்கு மாற்றம் சரிவந்துவிட்டது. இன்ஷா அல்லாஹ் நாங்கள் கீழே, நீயும் உம்மா வாப்பாவும் மேலே. ஒரே வளவில் இருக்கப் போகிறோம். நினைக்கவே ஆசையாக இருக்கிறது.

அன்புடன் ராத்தா,
ஷிஃபானா

*

கிண்ணியா
22.09.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

படம் கிடைத்தது. வடிவான படம். ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் பாதை வீட்டைச் சுற்றி, கிணற்றுக்கு மேலால் போய், பக்கத்து வளவு மாமி வீட்டுக் குசினிக்குள்ளால் வருகிறது. கலீலுர் றஹ்மான் மேசன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இதக் கட்டினா பாதைக்குள்ளதான் வீடு நிக்கும்" என்றார். வாப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நாளே படிக்குக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தேன். வீட்டைக் காட்ட வேண்டும் என்று வாப்பாவும் மாமியின் மகன் சஜீத்தும் என்னை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்து மேலே தூக்கினார்கள். வாப்பாவின் மூச்சு என் காதுக்குள் கேட்டது. விழுந்தால் என்னோடு அவரும் போய்விடுவார் என்று ஸலவாத்து ஓதிக்கொண்டே போனேன். பல்கனியில் வைத்தார்கள். குடா முழுக்கத் தெரிந்தது. பொய் சொல்லக்கூடாது, நல்ல வடிவு.

அதற்குள் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டது. "இந்தா வந்திருவம்" என்று இரண்டு பேரும் பள்ளிக்கு ஓடிவிட்டார்கள். தெருவில் ஓர் ஆண் இல்லை. என் வீல் செயார் கீழே, நான் மேலே. பாத்ரூமும் கீழே. உம்மா படியடியில் நின்று "கொஞ்சம் பொறுங்க மகள், தொழுக முடிஞ்சிரும்" என்று அழாத குறையாகச் சொல்லுகிறா. பொறுத்தேன். ராத்தா, எல்லாவற்றையும் பொறுக்க ஏலாது. இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

வாப்பா வந்து முதலில் கேட்டது, "கடல் தெரிஞ்சிச்சா மகள்?" ஓம் என்றேன்.

வேறு என்ன படம் வேண்டுமானாலும் கீறுங்கள். கெதியாகக் கீறுங்கள், நாள் கடத்த வேண்டாம்.

சனூஸா

*

தெஹிவளை
10.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன். வாப்பாவுக்குப் போன் எடுத்துக் கத்தியும் விட்டேன். அவர் "நான் என்ன பிழை செஞ்சன்?" என்று கேட்கிறார். உண்மையில் அவருக்கு விளங்கவில்லை.

இத்துடன் சிறிய லிஃப்ட் ஒன்றின் படம் வைத்திருக்கிறேன். பின் சுவரோடு பொருத்தலாம். கரண்ட் நின்றால் கையால் சுற்றி இறக்கலாம். சுற்றுவதற்குக் கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பொதுக் கட்டடம் என்றால் சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிப்பேன். நம் வீட்டில் யாரிடம் போய்ப் பிடிப்பது?

ஒன்று சொல்லுகிறேன், கோபிக்காதே. வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலைகள் இப்போது எவ்வளவோ இருக்கின்றன. நீ கெட்டிக்காரி. லிஃப்ட் பொருத்தும் வரைக்கும் அப்படி ஒன்றைப் பார்த்தால் என்ன? மச்சானின் உம்மா கீழ் வீட்டுக்குத் திரை தைக்க அளவெடுக்க வருவதாகச் சொன்னா. வந்தால் முகம் சுளிக்காமல் தேத்தண்ணி கொடு.

ராத்தா

*

கிண்ணியா
27.10.2024

ராத்தாவுக்கு,

தேத்தண்ணி கொடுத்தேன். என் அறை யன்னலையும் அளந்துகொண்டு போனா.

வீட்டிலிருந்தபடியே வேலை! இதை வாப்பா சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரிக் கதவுக்குச் சண்டை பிடிக்கிற நீங்கள் சொல்லுகிறீர்கள். எனக்கு வேலை மட்டுமா வேண்டும்? பாலத்தில் போகும்போது முகத்தில் அடிக்கிற உப்புக் காற்று வேண்டும். ஓட்டோவில் அஷ்ரப் நானாவோடு அரசியல் கதைத்துச் சண்டை பிடிக்க வேண்டும். அலுவலகத்தில் கஜந்தியோடு வம்பளக்க வேண்டும். நினைத்த நேரத்தில் வாசலுக்கு வெளியே போய்விட்டு, நினைத்த நேரத்தில் உள்ளே வர வேண்டும். அதற்கு யாரும் தொழுகை முடிந்து வரத் தேவையில்லை.

பாதை கீறினீர்கள், லிஃப்ட் கீறினீர்கள். ஒரேயொரு படம் மட்டும் உங்கள் கைக்கு வரவில்லை. நான் கேட்காமலே நீங்கள் சொல்லுவீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்தையும் அவசரமாகப் பிரித்தேன். இனி வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மேல் வீட்டை நீங்கள் எடுங்கள். உங்களுக்கும் மச்சானுக்கும் நல்ல கால்கள் இருக்கின்றன. பல்கனியும் உங்களுக்கே. கீழ் வீட்டை எனக்குத் தாருங்கள்.

சனூஸா

*

தெஹிவளை
02.12.2024

சனூஸா,

எத்தனையோ தரம் எழுதிக் கிழித்தேன்.

என்னால் ஏலாது. வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கீழ் வீட்டைப் பார்த்துத்தான் மச்சான் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அது இல்லாவிட்டால் மச்சான் என்னைக் கட்டியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. இத்தனை வருஷம் வாடகை வீட்டில் நாலு பேரின் செருப்புச் சத்தத்துக்குக் கீழே இருந்தவள் நான். முற்றத்தில் கால் வைக்க எனக்கும் ஆசை இருக்கிறது.

லிஃப்டுக்கு நான் பொறுப்பு. இதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

ஷிஃபானா

*

லிங்கநகர், திருகோணமலை
05.01.2025

ராத்தாவுக்கு,

விலாசத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். கஜந்தியின் வீட்டோடு சேர்ந்த அறை ஒன்றுக்கு வந்துவிட்டேன். தரை தெருவோடு சமமாக இருக்கிறது. அவளுடைய அம்மா கமலாதேவி அன்ரி நான் கேட்பதற்கு முன்பே பாத்ரூம் கதவைக் கழற்றி அகலமாக்கி வைத்திருந்தா. எனக்கென்று புதுச் சட்டியில் தனியாகச் சமைக்கிறேன்.

உம்மா போன் எடுத்தால் அழுகிறா. தெருவில் என்ன கதை ஓடுகிறது என்று நீங்களே ஊகிக்கலாம், கலியாணம் ஆகாத பெண் தனியாகப் போய்விட்டாள் என்று. வாப்பா கதைப்பதில்லை. நான் புறப்பட்ட அன்று மேலே போய்ப் பல்கனியில் நின்றுகொண்டார், இறங்கி வரவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நேற்றுப் பின்னேரம் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் முன் சில்லு இறங்கிவிட்டது. கத்தி இரண்டு பேரைக் கூப்பிட்டேன், தூக்கிவிட்டுவிட்டு அவர்கள் பாட்டில் போனார்கள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் இல்லை என்று சொன்னதற்குக் கோபமில்லை. உங்கள் பயமும் பயம்தான். ஊருக்கெல்லாம் வாசல் திறக்கிற என் ராத்தாவிடம் நான் வாய் விட்டுக் கேட்க வேண்டி வந்ததே, அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

சனூஸா

*

கிண்ணியா
06.04.2025

என் தங்கச்சிக்கு,

பெருநாளைக்கு வருவாய் என்று உம்மா வட்டிலப்பம் செய்து வைத்திருந்தா. நீ வரவில்லை. எழுத வேண்டாம் என்றாய், நான் இரண்டு தரம் எழுதிவிட்டேன், நீ பதில் போடவில்லை. இதற்கும் போட வேண்டாம். செய்தியை மட்டும் கேட்டுக்கொள்.

ஜனவரிக் கடைசியில் சாமான்களோடு வந்து இறங்கினோம். உன் அறைச் சுவர் மூலையில் செயார் சில்லு உரசிய கறுப்புத் தழும்புகள் இருந்தன. மச்சானின் உம்மா பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு பெயின்ற் அடிச்சா புது வீடு மாதிரி" என்றா. "மாமி, இது என்ட தங்கச்சிட அறை" என்றேன். பிறகு மச்சானிடம், "நான் மேலே போறன். நீங்க விரும்பினா வாங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். திரும்பிப் பார்க்கப் பயம்.

மச்சான் அன்று கீழே சோபாவிலேயே கிடந்தார். பல நாள் மேலே ஏறவும் இல்லை. ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. இப்போது காஸ் சிலிண்டரை மேலே தூக்கும்போது உன்னையும் என்னையும் சேர்த்து ஏசுகிறார். ஏசட்டும். அவருடைய உம்மா இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டா.

உம்மாவும் வாப்பாவும் கீழே பின்னறையில் இருக்கிறார்கள். நான் சொன்னபடி வாப்பா தன் கையாலேயே உன் அறைக் கதவை அகலமாக்கியிருக்கிறார். அளவு சரிதானா என்று அளக்கிற ரேப் நாடாவைக் கொண்டுவந்து தினமும் என்னிடம் காட்டுகிறார். உனக்குப் போன் எடுக்க மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எனக்கு உரிமை இல்லை. லிங்கநகரில் நீ சந்தோஷமாக இருந்தால் அங்கேயே இரு. உறுதியை உன் பெயருக்கு மாற்றிப் பதிந்தாயிற்று. கீழ் வீடு உன்னுடையது. வந்து குடியிரு, வாடகைக்குக் கொடு, பூட்டி வைத்துக்கொள், உன் விருப்பம். என்னிடம் ஒன்றும் கேட்காதே.

உன் ராத்தா,
ஷிஃபானா