மூன்றாவது கம்பம்

அமெரிக்கா, அக்டோபர் 1956

அன்புள்ள அப்பாவுக்குத் தண்டபாணி வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

சனிக்கிழமை கல்லூரி அணிக்காக ஓடினேன். எப்போதும் மூன்று மைல்தான் ஓடுவோம். ஒலிம்பிக் வருஷம் என்று இம்முறை ஐந்து கிலோமீட்டர் வைத்து, கிலோமீட்டருக்கு ஒரு கம்பம் நட்டு, அங்கங்கே நேரத்தைக் கூவினார்கள். பயிற்சியாளர் முன்பே விளக்கியிருந்தார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை, சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டேன்.

மூன்றாவது கம்பத்தில் நேரத்தைக் கேட்டதும், மூன்று மைலை இவ்வளவு வேகமாக ஓடிவிட்டோமா என்று பூரித்து, “ஓடி முடிச்சுப்போட்டேனுங்க!” என்று நம் ஊர்ப் பேச்சிலேயே கத்திப் புல்லில் விழுந்தேன். கிலோமீட்டர் மைலைவிடச் சிறியதாம். எல்லோரும் என்னைத் தாண்டி ஓடினார்கள். எழுந்து ஓடியும் கடைசியாகத்தான் வந்தேன். என்னால் அணியே தோற்றது. அடி ஒன்றும் படவில்லை, கவலைப்படாதீர்கள்.

அணித் தலைவன் ராபர்ட்டுக்கு அதுதான் கடைசிப் பந்தயம். என் கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக என்னவோ சொன்னான். திட்டினானா, தேற்றினானா, தெரியவில்லை. திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது.

மீனாட்சிபுரத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அம்மா பேசுவதை ஒரு சொல்கூடத் திருத்தாமல் அப்படியே எழுதி அனுப்பும்படி தங்கை ராசம்மாளிடம் சொல்லுங்கள். நாலு பக்கம் வந்தாலும் சரி. கடிதத்தை எடுத்துப்போகத் தபால்காரர் வந்துவிட்டார்.

உங்கள் மகன்,
தண்டபாணி