மூன்று நாள் ரொட்டியும் ஒரு மணி நேர விமானமும்

திருச்சி விமான நிலையத்தில் என் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, சேலைக்குள் சுற்றி வைத்திருந்த அம்மிக் குழவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "என்னம்மா இது, கொழும்புல கல்லே கிடையாதா?" என்றார். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால் மனிதர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

இந்தக் கல்லால் வந்த வம்புதானே எல்லாம். நம் இரண்டு குடும்பமும் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கிளம்பிய அன்று, அங்கேயே தங்கிவிட்ட உன் அக்காவோடு உங்கள் அம்மாவின் அம்மிக்காகச் சண்டை போட்டாய். நீ அம்மியைக் கப்பலில் ஏற்றினாய். அவள் குழவியை ஒளித்துவிட்டாள். வேறு குழவி வாங்கவும் உனக்கு வீம்பு. குன்னூர் எஸ்டேட்டின் லயத்து வீட்டில் அந்த அம்மியின் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு, வருஷக்கணக்காக என் வீட்டில் வந்துதான் தேங்காய்ச் சம்பல் அரைத்தாய்.

உன் கோபம் ஆறியபோது அக்கா கொழும்புக்குக் குடிபோயிருந்தாள்; கப்பலும் நின்றுபோயிருந்தது. விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்று எஸ்டேட் டிரைவர் சொன்னார். நீ நம்பவில்லை.

"ஏனுங்க்கா, நான் பொய்யா சொல்றனுங்க?"

"ரயிலு, கப்பலு, மறுபடி ரயிலுன்னு மூணு நாளு வந்த தூரம் தம்பி. ஒரு மணி நேர வேலைக்கு அரைப்பேருன்னு பாதி நாள் சம்பளங்கூடப் போட மாட்டாங்க. பாதிக் கடல்ல எறக்கி விட்டுட்டா?"

மூன்று நாளைக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினாய்.

திரும்பி வந்து நீ போட்ட கூச்சல் லயம் முழுக்கக் கேட்டது. "மொத நாளு அவளத் திட்டித் தீத்து, ரெண்டாம் நாளு அழுது முடிச்சு, மூணாம் நாளு மொகத்தக் கழுவிட்டு முன்னால போய் நிக்கணும்னு இருந்தேன்டி. ஒரு ரொட்டி திங்கறதுக்குள்ள எறக்கி விட்டுட்டானே, பாவி!"

அக்காவைப் பார்த்ததும் உனக்கு வார்த்தையே வரவில்லையாம். ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினாயாம். அவளும் உள்ளே போய், குழவியைக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் நீ கத்தவில்லை.

நோயில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "அக்காவுக்குத் தபால் போடாத. கொழவிய நீயே கொண்டுபோய்க் குடுத்துரு."

இதோ, விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். நீ போய்விட்டாய் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? குன்னூரில் பஸ் ஏறியதிலிருந்து யோசிக்கிறேன், வாயில் ஒன்றும் வரவில்லை. இனி ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எனக்கு மூன்று நாள் கிடைத்தாலும் வராது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கல்லைக் கொடுத்துவிட்டாய். அவள் மடியில் வைத்தால் புரிந்துகொள்வாள்.

நானும் ரொட்டி சுட்டுத்தான் கொண்டுபோகிறேன், மூன்று நாளைக்கு. அழுது முடிக்க அவளுக்காவது நேரம் வேண்டுமே.