முதல் சீவல்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் லினெட்டுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். லியோனில் நீயும் மருமகனும் பேத்தியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இங்கே வெயில் இன்னும் அடங்கவில்லை. கொளஞ்சி காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு ஆளுக்குச் சமைப்பது கஷ்டம் என்று தினமும் சொல்கிறாள். ஒரு ஆளாகச் சாப்பிடுவதும் கஷ்டம்தான். மூன்று அறைகளில் ஒன்றில் மட்டும் விளக்குப் போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கேன்சர் ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டை ஆஸ்பத்திரியில் மெழுகில் புதைத்து வைத்திருப்பார்கள், வாங்கி அனுப்புங்கள் என்று ஜனவரியில் கேட்டாய். உன் பிரெஞ்சு டாக்டர் அதில் பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு உன் ரத்தத்தில் தேடுவார் என்றாய். எட்டு வருடம் ஆகிவிட்டது, தொலைந்துவிட்டதாம் என்று நான் சொன்னேன். அது பொய். பிப்ரவரியிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டேன். தீப்பெட்டியைவிடச் சின்ன மெழுகுக் கட்டி. மேலே நம்பர் இருக்கிறது, ஸ்டெல்லாமேரி என்ற பேர் இல்லை.

மே மாதம் அதை பிரிஜ்ஜில் வைத்தேன். அந்த மெழுகு ஐம்பத்தாறு டிகிரி வரை உருகாது. லாஸ்பேட்டை காலேஜ் லேபில் முப்பத்திரண்டு வருடம், மெழுகுக் கட்டியை இழை இழையாகச் சீவும் மைக்ரோடோம் சுற்றியவனுக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் வைத்தேன். கொளஞ்சி பார்த்துவிட்டு, இன்னா சார், மெழுவத்தியப் போயி பிரிஜ்ல வெச்சிகினு இருக்கீங்க என்று சிரித்தாள். கோயில் மெழுகு என்று சமாளித்தேன். ஒரு பொய் சொன்னவனுக்கு அடுத்தது சுலபம்.

கட்டியோடு, அதிலிருந்து அன்றே சீவி ஒட்டிய ஒரு கண்ணாடி ஸ்லைடும் கொடுத்தார்கள். காலேஜில் கழித்த மைக்ராஸ்கோப்பை நான் ஏலத்தில் எடுத்தது உனக்கு நினைவிருக்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதில் அம்மாவைப் பார்ப்பேன். ஊதா நிறத்தில் உட்கருக்கள், சுற்றிலும் ரோஜா நிறம். ஓரத்தில் ஒரு செல், இரண்டாகப் பிரியப் போன நேரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவளைக் கொண்டுபோனதே அதுதான். ஆனாலும் அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவும் இல்லை.

பிராக்டிகலுக்கு புரொபசர் வந்து சேரும்வரை நான்தான் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன். முன்னூற்று அறுபது வருடத்துக்கு முன் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்தார். குட்டிக் குட்டி அறைகளாக இருந்தன. மடத்துத் துறவிகளின் அறைக்கு உள்ள செல் என்ற பேரையே வைத்துவிட்டார் என்பார்கள். பாவம், அவர் பார்த்தது உயிர் போன வெறும் சுவர்களை. அப்போதெல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். இப்போது இந்த வீட்டைக் கூட்டும்போது அவர் ஞாபகம் வருகிறது.

அதற்குப் பிறகும் இருநூறு வருடம் வரை, செல் தானாகவே முளைக்கிறது என்று பெரிய பெரிய ஆட்கள் நம்பினார்கள். ஒருவர் கோழிக்கருவில் செல் பிரிவதைப் பார்த்து, செல்லிலிருந்துதான் செல் வரும் என்றார். முதலில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதை வருடா வருடம் ஒப்பித்தவன் நான். நீ யாருடைய செல்லிலிருந்து வந்தாய் என்பது எனக்கு மறந்துபோகுமா? மறந்த மாதிரி இருந்துவிட்டேன். கட்டி கிடைக்காதவரை உனக்கு நோய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு பயமும் இருந்தது. டெஸ்ட்டுக்காக ஒவ்வொரு முறை சீவும்போதும் கட்டி தேயும். என்னிடம் இருந்தது அவ்வளவுதான், லினெட்.

போன ஞாயிறு நீ, பரவாயில்லப்பா, கெடைக்கலன்னா வுட்டுடு, நான் டெஸ்ட்டே பண்ணிக்கப் போறதில்ல என்றாய். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாய். போனை வைத்துவிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். பார்க்க முடியவில்லை. போனவளைப் பிடித்து வைக்கப் போய், இருக்கிறவளைக் கைவிடப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த தெரு மரிய அருண் வெள்ளிக்கிழமை புறப்பட்டு லியோனுக்கே வருகிறான். இந்தக் கடிதத்தையும் கட்டியையும் ஆஸ்பத்திரித் தாள்களையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் டாக்டருக்கு வேண்டியிருக்கும் என்று ஸ்லைடையும் வைத்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மைக்ராஸ்கோப்பில் நான் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கட்டியை மைக்ரோடோமில் மாட்டியதும், முகம் சமமாகும்வரை வரும் முதல் சீவல்களைக் குப்பையில் போடுவார்கள். அதுதான் வழக்கம். எலி, தவளை என்று நானும் எத்தனையோ போட்டிருக்கிறேன். அங்கே வெட்டுகிறவரிடம் முதல் சீவலைப் போட்டுவிடாமல் உன்னிடம் தரச் சொல். காகிதத்தில் மடித்து வை. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நீ வருவதாக இருந்தால் கொண்டுவா, அம்மாவிடம் சேர்த்துவிடலாம். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நீயே வைத்துக்கொள்.

முடிவு எதுவானாலும் அன்றைக்கே எனக்குச் சொல். அப்பா தாங்கமாட்டார் என்று என்னைப் போல மறைக்காதே. உன் அறையிலும் இன்றிலிருந்து விளக்குப் போடுகிறேன்.

ஆண்டவர் உன்னை, ஒரு செல் விடாமல், காப்பாராக.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
அப்பா,
அலெக்சாண்டர்.