அக்காவிடம் முதலில் கேட்கும் வீடு

அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தான்,

அக்கா இன்னமும் வெள்ளவத்தை வீட்டில்தான் இருக்கிறார். தனியாகத்தான் இருக்கிறார். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தை நீங்கள் ஆறுதலாகக் கேட்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடியபோது எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போன மனுசி, சக்கர நாற்காலியோடு மூன்றாம் மாடியில் எப்படி இருப்பது? துணைக்கு வந்த பெண்கள் எவரும் நிலைக்கவில்லை. அக்காவின் வாய் உங்களுக்குத் தெரியாததா? மெல்பேர்னில் இருந்தபடியே உங்கள் மகன் குகன் வத்தளையில் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பேசி வைத்தான். அக்கா மாட்டேன் என்றார். கடைசியில் அவன்தான் கொஞ்சம் இறங்கி வந்தான்.

"மாமா, கொட்டாஞ்சேனைக் கடையில அந்த ஸ்மார்ட் சாமான்கள்தானே விக்கிறீங்கள். பூட்டிப் பாருங்கோ. ஆனா ஒருக்கா எண்டாலும் நான் பயப்பட வேண்டி வந்தா, அம்மா வத்தளைக்குத்தான்."

வீடு முழுக்கப் பொருத்திப் பூட்டினேன். இப்போது அக்கா நாற்காலியில் இருந்தபடியே, வாயால் சொல்லி வாசற்கதவைத் திறக்கிறார். யார் நிற்பது என்று போனில் பார்த்து, பிடிக்காதவர்களுக்குத் திறக்காமலும் விடுகிறார். சொன்னால் மின்விசிறி சுழல்கிறது. குளியலறைப் பக்கம் திரும்பினாலே விளக்கு எரிகிறது. கரண்ட் போனாலும் பற்றறி தாங்கும். விற்கிறவன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் அத்தான். விற்கிறவன் என்பதால்தான் நான் எந்தச் சாமானையும் லேசில் நம்புவதில்லை. அக்கா ஒற்றைக் கையால் தன் வீட்டை ஆளுவதைப் பார்த்த பிறகு நம்புகிறேன்.

ஆனால் நானும் குகனும் ஓர் இடத்தில் சறுக்கினோம். காலை முழுவதும் குசினியில் நடமாட்டம் இல்லையென்றால் எங்கள் இருவருக்கும் செய்தி வரும்படி வைத்திருந்தோம். தேத்தண்ணி போடாமல் அக்காவுக்குப் பொழுது விடியுமா?

தீபாவளி வியாபாரம் முடிந்த களைப்பில் கடையில் இருந்தேன். போன் அலறியது. குசினியில் அசைவே இல்லை. அக்காவை அழைத்தால் எடுக்கவில்லை. மெல்பேர்னிலிருந்து குகன் போனில் அழுகிறான். கொழும்பின் காலி வீதி நெரிசலில் நான் கும்பிடாத சாமி இல்லை.

நான் படியேறி ஓடிவந்த சத்தத்திலேயே, தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. நெற்றி நிறையத் திருநீறோடு அக்கா.

"என்னடா, நாய் துரத்தினமாதிரி வாறாய்?"

"குசினிப் பக்கமே நீங்கள் போகேல்லையாம்!"

"கந்தசஷ்டி தொடங்கிட்டுது. பொழுதுபடுமட்டும் பச்சைத் தண்ணியோட இருக்கிறவளுக்குக் குசினியில என்னடா வேலை? சாமியறையில இருந்தனான். போன் கட்டில்ல கிடக்கு."

சாமியறையில் ஒன்றும் பூட்டக்கூடாது என்று தடுத்தவரும் அவர்தான். குகனை வீடியோவில் அழைத்துக் கொடுத்தேன். அவன் முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, நான் டிக்கெட் பார்க்கிறன். வந்து வத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"விரதம் பிடிச்சதுக்கு என்னை நாடு கடத்தப் போறியோ?" என்று சிரித்தவர், பிறகு சிரிக்கவில்லை. "சமைக்கிறனோ இல்லையோ எண்டு என்னை வேவு பார்க்காதை குகன். சுகமோ எண்டு முதல்ல என்னட்டக் கேள். நான் மறுமொழி சொல்லாட்டி ஊரைக் கூட்டு."

"விழுந்தா?"

"விழுந்தா விழுந்தனான் எண்டு சொல்ல எனக்கு வாய் இருக்கு."

நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பீர்கள்? "சரி, இன்னும் ஒருக்காப் பார்ப்பம்" என்றான் கடைசியில். அங்கேயே நின்று மாற்றி வைத்தேன். இப்போது வீடு முதலில் சுகமோ என்று அக்காவைத்தான் கேட்கிறது. சுகம் என்று கழுத்தில் புதிதாகத் தொங்கும் பொத்தானை அவர் ஒருமுறை அழுத்தாவிட்டாலோ, உதவிக்கு அதை நீள அழுத்தினாலோ மட்டுமே கீழ்வீட்டுப் பரீதாவுக்கும் எங்களுக்கும் அழைப்பு வரும்.

மார்கழியில் அக்கா குளியலறையில் உண்மையாகவே விழுந்தார். விழுந்த இடத்தில் கிடந்தபடி பொத்தானை நீள அழுத்திப் பரீதாவைக் கூப்பிட்டு, வாசற்கதவையும் சொல்லித் திறந்துவிட்டு, "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ, இப்பதான் வீடு துடைச்சது" என்று சத்தம் போட்டிருக்கிறார். பரீதா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எலும்பு முறிவு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். பிறகு அக்காவே மெல்பேர்னுக்குப் போன் எடுத்தார்.

"விழுந்தனான். எழும்பிட்டன். பரீதா தேத்தண்ணி போடுறா."

அன்று பின்னேரம் குகன் என்னை அழைத்தான். வத்தளைக் கதைதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"மாமா, அந்த அறையை வேற ஆருக்காவது குடுக்கச் சொல்லிட்டன். குளியலறைச் சுவரில பிடி ஒண்டு பூட்டுங்கோ." போனை வைக்கும் முன் சொன்னான்: "அம்மாட்டக் கேட்டிட்டுப் பூட்டுங்கோ."

அத்தான், உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதானாலும் அக்காவின் சொல் இல்லாமல் அடிக்கமாட்டேன். பிடி எந்த உயரத்தில் வரவேண்டும் என்று நாளைக்குக் கையை நீட்டிக் காட்டுகிறாராம். போகிறேன்.

உங்கள் ஒரே மைத்துனன்,
சிவா