தேங்காய் எண்ணெய் தொட்ட விரல்

சிங்கவரம்,
செவ்வாய் மாலை.

அன்புத் தோழி பூங்குழலிக்கு சுவாதி எழுதுவது.

உன் அறைச் சுவரில், ஜன்னலுக்கு இடது பக்கம், முழங்கால் உயரத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அதை முதலில் பார்த்தது நான்தான். விரல் வைத்ததும் உடைந்து உதிர்ந்தது. உள்ளே சுவர் சில்லென்று ஈரமாக இருந்தது. காய்ந்த துணிகளை எடுத்துவரச் சொல்லி உன் அம்மா என்னை மாடிக்கு அனுப்பியிருந்தார். போன வாரம் செவ்வாய்க்கிழமை அது. துணிகளை மடித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ நலமாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். கோயம்புத்தூர் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? முடி கொட்டுகிறது என்றாயே, இப்போது பரவாயில்லையா? எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. நடவுக்குத்தான் போக முடியவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடனே உன் அப்பாவைக் கூப்பிட்டு எனக்காகப் பேசிவிடுவாய். எட்டாம் வகுப்பில் நான் வரைபடத்தின் மேல் மையைக் கொட்டியதற்கு நீ எழுந்து நின்று அடி வாங்கினாயே, அந்த மாதிரி. அதனால்தான் எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன்.

ஆடி மாதம் உங்கள் மாடிக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியது கன்னியப்பன் மாமாவும் நானும்தான் என்று உனக்குத் தெரியும். அவர் என் அம்மாவுக்குச் சித்தப்பா மகன், டைல்ஸ் மேஸ்திரி. பத்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதிலிருந்து அவரோடுதான் வேலைக்குப் போகிறேன். சுவரும் தரையும் சேருகிற மூலைகளில் சிமெண்ட் வைத்தால் கொஞ்ச நாளில் விரிசல் கோடு விட்டுவிடும். தண்ணீர் அந்தக் கோட்டில் இறங்கிப் பக்கத்து அறைக்குப் போகும். அதனால் அங்கே மட்டும் சிலிக்கான் பசை வைப்போம். காய்ந்த பிறகு அது ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். குனிந்து செய்கிற வேலை, விரல் மெலிசாக இருக்க வேண்டும் என்று மாமா அதை என்னிடம் விட்டுவிட்டு அன்றைக்கு வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வேலையை நான் தனியாகச் செய்தது அதுதான் முதல் முறை. உங்கள் வீட்டில் என்பதால் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

போன வியாழக்கிழமை உன் அப்பாவும் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டார். மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். "இன்னாய்யா வேல செஞ்சிருக்க? ரெண்டு மாசம் தாங்கல. வல்லத்துல என் மச்சான் வீடு கட்றான், உன்னத்தான் சொல்லி வச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். திண்டிவனத்திலிருந்து வேறு ஆளைக் கூட்டி வந்து டைல்ஸ் முழுவதையும் பெயர்க்கப் போவதாகவும் சொன்னார். மாமா தலையைச் சொறிந்துகொண்டு, பைப்பில்தான் ஏதாவது இருக்கும், பார்க்கிறேன் என்றார். உன் அப்பா செஞ்சியில் நாலு பேரிடம் சொன்னால் மாமாவுக்கு வேலை வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனதும் நான் குளியலறைக்குள் போய், உன் அறைப் பக்கத்து மூலையில் சிலிக்கானின் முனையை நகத்தால் நெம்பினேன். வாழை நார் மாதிரி முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. ஒட்டவே இல்லை. கதவுப் பக்கத்து மூலையை நெம்பினேன். அது அசையவில்லை. அப்போதுதான் புரிந்தது.

குழலி, நாம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த அன்று உன் அப்பா பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தார், ஞாபகம் இருக்கிறதா? மாடியில் சாக்கு விரித்து நாம்தான் அறுத்தோம். பால் ஒட்டாமலிருக்கக் கை நிறையத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டோம். நீ எண்ணெய்க் கையோடு என் கன்னத்தைத் தடவி, மேக்கப் போட்டுவிட்டேன் என்றாய். ராஜகிரி மலை வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று நீ சுளை சுளையாக எண்ணிக்கொண்டிருந்தாய், ஒரு சுளை கணக்கு, ஒரு சுளை உயிரியல் என்று. எனக்கும் சேர்த்து எண்ணினாய். நான் நிற்கப் போவது எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்லவில்லை. அந்த மாதிரி ஒரு மத்தியானம் பிறகு எனக்கு வரவில்லை.

ஆடியில் நான் தனியாக வேலை செய்த அன்று, கதவுப் பக்கத்து மூலையை முடித்ததும் சிலிக்கான் என் விரலில் பலாப்பால் மாதிரியே ஒட்டிக்கொண்டது. விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். சோப்புக் கட்டி அங்கே இல்லை. கீழே உன் அப்பாவைப் பார்க்க யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய் உன் அம்மாவிடம் சோப்புக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உன் அறை அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. தடவிக்கொண்டேன். அந்தக் கையாலேயே, தூசி இருக்கிறதா என்று மற்ற மூன்று மூலைகளையும் தடவிப் பார்த்துவிட்டு அதன் மேல் சிலிக்கானை வைத்தேன். பார்க்க அவ்வளவு வழவழப்பாக வந்திருந்தது. உனக்குப் போட்டோ அனுப்பினேனே, அது எண்ணெயின் பளபளப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் நான் மட்டும் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா மாடியில் மல்லாட்டைக் கடலையைக் காய வைத்துக்கொண்டிருந்தார். என்னால்தான் என்று சொன்னேன். குரல் வரவில்லை போலிருக்கிறது. "இன்னா?" என்றார். மறுபடி முழுவதையும் சொன்னேன். அவர் கிளறிக்கொண்டிருந்த துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "பத்து வருசமா இந்த ஊட்டுக்கு வந்து போயிக்கினு இருக்கிற. இப்பதான் உன் குரலையே கேக்கறேன். அதுவும் இந்தச் சேதி சொல்லத்தானா?" என்றார். துணி உலர்த்திக்கொண்டிருந்த உன் அம்மா, "எண்ண தடவுனியா? அது இன்னா பலாப்பழமாடி?" என்று சிரித்துவிட்டார். உன் அப்பா சிரிக்கவில்லை. கூட நின்று பார்க்காமல் போனது மேஸ்திரி தப்புதான் என்றார். சரிசெய்யுங்கள், செவ்வாய்க்கிழமை வரை பார்ப்பேன், அப்போதும் ஈரம் வந்தால் புதன்கிழமை பெயர்த்துவிடுவேன் என்றார்.

மாமாவிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர், "நேத்து பேச்சு வாங்குனது நானு. நீ பக்கத்துல நின்னு வேடிக்க பாத்துக்கினு இருந்த" என்றார். சோப்புக் கேட்கக் கூச்சமாக இருந்தது என்றேன். "உன் கூச்சத்துக்கு ஒரு பாத்ரூமயே பேத்தெடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து பிளேடை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

மூன்று மூலைகளிலும் பழையதைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன், துணியில் பிசுக்கு வராத வரைக்கும். உன் அம்மா அந்தக் குளியலறையை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று எல்லோரையும் கீழே குளிக்கச் சொன்னார். உள்ளே ஈரம் காய உன்னுடைய டேபிள் ஃபேனை மூலையைப் பார்த்து வைத்தேன். அது இன்னும் பக்கத்துக்குப் பக்கம் திரும்பும்போது ஒரு தடவை முனகுகிறது. நீ சத்தமாகப் படிப்பாய், நான் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவேன், நடுநடுவே அது முனகும். இரண்டு நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உன் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாடத்தில் பாதி கூட இப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. உன் குரல் மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் சிலிக்கானை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக வைத்து, சோப்புத் தண்ணீர் விரலால் ஒரே தடவை வழித்தேன். மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

இன்றைக்குத்தான் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். தண்ணீர் போகிற ஓட்டையைத் துணியால் அடைத்து, தரையில் இரண்டு விரல் உயரத்துக்கு நிரப்பினேன். உப்பியிருந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு மாமா அந்த இடத்தில் செய்தித்தாளை வைத்து ஒட்டினார். உன் அப்பா கட்டிலில் ஒரு ஓரம், மாமா தரையில் ஒரு ஓரம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குளியலறை வாசலில் நின்றேன். நாலு மணி நேரம் கழித்து உன் அப்பா எழுந்து தாளை உரித்து, இரண்டு பக்கமும் தடவி, கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்தார். தாள் மொறுமொறுவென்று இருந்தது.

மன்னிப்பு என்று எதுவும் அவர் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வல்லத்துக்கு எப்பப் போற?" என்று மட்டும் கேட்டார். நாளைக்கே போகலாம் என்றார் மாமா. "இவளும் வருவா" என்றும் சொன்னார். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்க இன்னா வேணும்னாலும் வாயத் தொறந்து கேளு தாயி" என்றார்.

குழலி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ கட்டடம் சம்பந்தமாகத்தானே படிக்கிறாய். சிலிக்கான் எதில் ஒட்டும், எதில் ஒட்டாது, ஏன் ஒட்டாது என்று உன் புத்தகத்தில் எங்காவது இருந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு எழுதி அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பாதே, உன் கையெழுத்தில் எழுது. ஆங்கிலத்தில் இருந்தால் பக்கத்தில் தமிழும் எழுது. அவசரமில்லை, உன் பரீட்சை முடிந்த பிறகு அனுப்பினாலும் போதும். ஒரு பக்கமானாலும் நான் மெதுவாகப் படித்துக்கொள்வேன்.

என் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ஒன்றை இதற்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன்.

உன்,
சுவாதி